வாயில்லாப்பூச்சிக்கு ஒரு வேலை

என் வாயில்லாப்பூச்சிக்கு,

விடுப்பை நீட்டக் கேட்க ஆபீஸ் போகிறேன், பதினொன்றுக்குள் வந்துவிடுவேன். பாப்பாவுக்குப் பிழிந்துவைத்த தாய்ப்பால் ஃபிரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது. வெந்நீரில் வைத்துச் சூடாக்கு. அடுப்பில் வைத்தாயோ, தொலைந்தாய். பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான். உன் சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்புச் சூடு படும்படி அவளை நெஞ்சோடு போட்டுக்கொள்.

உன் அக்கா வருகிறார். போனிலேயே இருமினார். "தூக்காதேன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றது?" என்று நேற்று என்னோடு மல்லுக்கு நின்றாயே, நீ சொல்லவே வேண்டாம். இந்தச் சீட்டைத் திருப்பி நீட்டு.

பின்பக்கம்:

அண்ணி, இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் தம்பிக்கு வாய் வரவில்லை. ஏழாம் மாதமே ஓடிவந்தவளுக்கு உங்கள் இருமல் தாங்காது. இருமல் நின்றதும், வருகிறவர்களில் முதலில் தூக்குவது நீங்கள்தான். அதுவரை தூர நின்று தம்பியைத் திட்டுங்கள். நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.