தேயிலைக்கு ஆகாத மாத்திரை

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்து, டாக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் எடுத்தேன். ஐம்பதை நெருங்கும் உடம்பு போகிற போக்கில் மாதாமாதம் இரத்தத்தைத் தாராளமாகச் செலவழிக்கிறது. அந்த நேரம் பார்த்து, ஆசிரியர் அறையில் யாரோ எனக்கு முன்னால் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாத்திரையையும் கோப்பையையும் பார்த்துச் சிரித்துவிட்டேன். நான் சிரித்துப் பழக்கமில்லாததால் அறையே திரும்பிப் பார்த்தது. உங்களைத்தான் நினைத்தேன், மிஸ்ஸி.

பதுளையில் ஒரே வீட்டின் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான் இரசாயனவியல் ஆசிரியை. நீங்கள் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவ மாது, தோட்டத்தார் வாயில் 'மிஸ்ஸி'. பேச்சை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், சந்தேகத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

"ரத்தம் கொறையுறதுக்கு எத்தன வழி பாருங்க டீச்சர். வயித்துப் பூச்சி, அடுத்தடுத்த புள்ளப்பேறு, நாளெல்லாம் ரொட்டியும் சம்பலும். இத்தனைக்கும் மேல நான் மாத்திர குடுத்தா, அதத் தேத்தண்ணிய ஊத்தி முழுங்குறாங்க. இரும்பு ஒடம்புல ஒட்டுமா?"

அந்த வருடம் உங்கள் கவலையெல்லாம் செல்வி என்ற கர்ப்பிணியைப் பற்றியது. கண்ணிமையைக் கீழே இழுத்தால் உள்ளே வெள்ளைக் காகிதம் போலிருந்தது. இப்படியே பிரசவத்துக்குப் போனால் தாங்கமாட்டாள் என்று நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவீர்கள்.

கடைசியில் என்னையும் செல்வி குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு இழுத்துப்போனீர்கள். செல்வியின் மாமியார் முன்னால் ஒரு மாத்திரையைப் பொடித்து, பால் விடாத சாயத்தண்ணியில் போட்டேன். தேயிலையும் இரும்பும் பிணைந்து, திரவம் மை போலக் கறுத்தது. பள்ளியில்கூட என் பரிசோதனைகள் அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

"பாத்தீங்களாம்மா?" என்றீர்கள்.

"பாத்தேன் மிஸ்ஸி," என்றார் மாமியார், கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தபடி. "என்னா சாயம். நம்ம கொழுந்துதான், ஆனா நமக்குன்னு குடுக்குற தூள்ல இப்புடி ஏறுனதே இல்ல."

அடுத்த முறை போனபோது செல்வியின் மாத்திரை குடும்பத் தேநீர்ப் பானைக்குள் போய்க்கொண்டிருந்தது. "அவளுக்கு மட்டும் எதுக்கு? வீட்டுக்கே ரத்தம் ஊறட்டும்," என்றார் மாமியார்.

செல்வியின் இமையை இழுத்துப் பார்த்தீர்கள். இன்னும் வெளுத்திருந்தது. பிறகு அந்தப் பானையிலிருந்தே ஒரு கோப்பை கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தீர்கள்.

"தேயிலையக் கெடுத்துட்டீங்களேம்மா."

ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர் அந்தப் பெண்மணி. "யாரு, நானா?"

"இந்த மாத்திர இருக்கே, அது தேயிலையோட சத்த இழுத்துக்கும். சந்தேகமா? டீச்சரக் கேளுங்க, படிச்சவங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிணைப்பு என்றால் இரண்டு பக்கமும்தான். எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் இரசாயனத்தில் பிழையில்லை. "ஆமாங்க," என்றேன். என் வாழ்க்கையின் மிகச் சுருக்கமான விரிவுரை அது.

அதன் பிறகு அந்த வீட்டில் மாத்திரைக்குத் தனிச் சட்டம். "ஏய், தேத்தண்ணி கொதிக்குது, அந்தக் கண்றாவிய இங்கிட்டுக் கொண்டாராத. தேசிக்காத் தண்ணியில முழுங்கித் தொல," என்று மாமியார் செல்வியை எலுமிச்சைச் சாற்றின் பக்கம் விரட்டுவதை என் காதாலேயே கேட்டேன். செல்வியின் இமை மெல்லச் சிவந்தது. பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கு இரத்தம் ஏற்றவேண்டிய தேவை வரவில்லை. தேயிலையைக் காப்பாற்றிய பெருமையுடன் மாமியார் நம் இருவருக்கும் ஒரு பொட்டலம் தூள் தந்தார். மகா மட்டமான தூள். இருவரும் அதைத்தான் மாதக் கணக்காகக் குடித்தோம்.

மாற்றலாகி வந்த, நீங்கள் இல்லாத இந்த ஊரில் எனக்குப் பக்கத்து அறைப் பேச்சும் இல்லை. ஆனால் நேற்று அந்தத் தேநீரைத் தள்ளிவைத்தபோது, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார்கள். தேநீர் இரும்பை உடம்பில் ஒட்டவிடாது என்று டாக்டர் சொன்ன விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது.

"மாத்திர போடப்போறேன்," என்றேன். "நல்ல தேயிலை. பாழாப்போயிரும்."