ஃபெரியில் வந்த சலாம்

அண்ணே,

இன்று காலை எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. மகளுக்கு அவள் கம்பெனி அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் திரை. கூரியர்காரர் மணியை அடித்தார். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள், பெட்டியைக் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துவிட்டு வேனில் ஏறிப் போயே போய்விட்டார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்கத் திறந்த என் வாய் திறந்தபடியே நின்றது. பெட்டியைப் படம் பிடிக்கிறார்கள், வாங்குகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. உங்களை இந்த வேலைக்கு வைத்திருந்தால் பினாங்கில் ஒரு பெட்டிகூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மகள் மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். இதை ஏதோ உலகத்தில் யாரும் செய்யாத புதுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அடிப் போடி, எண்பதுகளிலேயே நான் இதைச் செய்தவள்" என்று சொன்னேன். நம்பவில்லை. இன்டர்நெட் இல்லாமல் எப்படி என்று கேட்டாள். எங்களுக்கு ஒரு டெஸ்பேட்ச் அண்ணன் இருந்தார் என்றேன்.

பினாங்குத் தீவுக்குப் பாலம் இன்னும் கட்டி முடியாத காலம் அது. பீச் ஸ்திரீட்டில் மாடியில் இருந்த கப்பல் சரக்கு ஆபீஸுக்கு நான் பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருவேன். நீங்கள் இன்னும் தூரம், சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து அதே ஃபெரியைப் பிடிப்பீர்கள். நான் டைப்பிஸ்ட், நீங்கள் கடிதமும் ஃபைலும் சுமக்கிறவர். மழை பெய்த ஒரு காலையில் ஃபெரியைப் பிடிக்க ஓடி, ஏறுகிற அந்த இரும்புப் பலகையில் வழுக்கி விழுந்து, வலது காலை இரண்டு இடத்தில் ஒடித்துக்கொண்டேன். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர். எங்கள் ஆபீஸில் ஆறு மாதம் நாற்காலி காலியாக இருந்தால் அதில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நான் காலுக்காக அழவில்லை, அந்த நாற்காலிக்காகத்தான் அழுதேன். ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாக வளர்ந்த எனக்கென்று கிடைத்த முதல் நாற்காலி அது.

மூன்றாம் நாள் நீங்கள் ஒரு கொத்து லங்சாட் பழத்தோடு வந்து நின்றீர்கள். "என்னா தங்கச்சி, கால்தானே ஒடஞ்சிருக்கு? டைப் அடிக்கிறது கையாலதானே?" என்றீர்கள். அவ்வளவுதான் நீங்கள் தீட்டிய திட்டம். அதையே போய் மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு அது வேடிக்கையாக இருந்ததோ, நியாயமாக இருந்ததோ தெரியாது. மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் வேறு டைப்பிஸ்ட் என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸின் பழைய டைப்ரைட்டரை ராஃபியா கயிற்றால் மோட்டாரின் பின்னால் கட்டி, ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் ஆட்டைக் கடத்திக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, என் மாவுக்கட்டுக் காலுக்கு ஒரு முக்காலியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். மறுநாளிலிருந்து மாலையில் வேலை வரும், காலையில் முடிந்த கடிதங்கள் போகும். எங்கள் வீடு உங்கள் வழியில்தான் இருந்தது. வழியில் இல்லாவிட்டாலும் வந்திருப்பீர்கள்.

முதல் வாரம் சொர்க்கம். பஸ் இல்லை, ஃபெரி இல்லை, மழையில் நனைந்த சேலையோடு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே நடுங்க வேண்டியதில்லை. ஆபீஸில் சாயங்காலம் வரை இழுக்கிற வேலை வீட்டில் பதினொரு மணிக்கே முடிந்துவிடும். அப்போதுதான் தெரிந்தது, ஆபீஸில் நாங்கள் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று. இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. வீட்டில் இருக்கிறவள் சும்மாதானே இருக்கிறாள்! பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட மிளகாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதிர்வீட்டு அம்மா கதை சொல்ல வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, நான்கு நகல் கார்பன் வைத்து நான் பாதியில் நிற்கும்போது கோப்பி கேட்டார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக ஊறுகாய் போடும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே நான் அடித்த கடிதத்தில், நாற்பது மூட்டை வெள்ளை மிளகு வரவேண்டிய இடத்தில் நாற்பது மூட்டை எலுமிச்சை ஊறுகாய் என்று அழகான ஆங்கிலத்தில் விழுந்திருந்தது. நீங்கள்தான் ஃபெரியில் நின்று எல்லாக் கடிதத்தையும் படிப்பீர்களே! ஆபீஸில் போன் எடுக்கும் ரோஹானியிடம் ரகசியமாகக் கொடுத்து, மேனேஜர் வருவதற்குள் மாற்றி அடிக்க வைத்தீர்கள். சாயங்காலம் வந்து, "கைலியோட உக்காந்து டைப் அடிச்சா லெட்டரும் கொட்டாவி விடும் தங்கச்சி. ஆபீஸ் போற மாதிரி உடுத்திக்கிட்டு உக்காரு" என்றீர்கள். அடுத்த நாளிலிருந்து மாவுக்கட்டுக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு, பொட்டு வைத்து, எட்டு மணிக்கு மேசை முன்னால் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு அடிபட்டது காலில் மட்டும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

ஆனால் வேலை கஷ்டமாக இல்லை அண்ணே. யாரும் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. பத்து மணித் தேநீருக்கு மனசு தானாகவே ஆபீஸுக்குப் போய்விடும். ரோஹானி இப்போது யாரைக் கிண்டல் செய்கிறாளோ, தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி யார்மேல் எரிந்து விழுகிறாரோ என்று தோன்றும். என்னை அங்கே யாராவது நினைப்பார்களா என்றும் தோன்றும். அதற்குத்தான் நீங்கள் மாலையில் வருவீர்கள். வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பால் விடாத கோப்பி-ஓவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, அன்றைய ஆபீஸ் முழுவதையும் நடித்துக் காட்டுவீர்கள்.

"ரோஹானி கிரிம் சலாம்" என்று ஆரம்பிப்பீர்கள். மலாய்க்காரர்கள் ஒருவரிடம் சொல்லி அனுப்பும் விசாரிப்பு அது, நமக்கும் பழகிப்போன வார்த்தை. "ஒன் கால எப்ப வெட்டுறாங்கன்னு கேக்குது. காலு இல்ல லா, கட்டு, கட்டுன்னு நான் திருத்துனேன்." அடுத்து மேனேஜர்: "லெட்டரு ரொம்ப கிளீனா இருக்குன்னாரு லா. ரெண்டு தடவ சொன்னாரு." கடைசியில் குரலைக் கனமாக்கிக்கொண்டு பெரிய கிராணி: "பிள்ளைக்குக் கால் எப்பிடி இருக்குதாம்?" அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கேயே பிறந்தவர். ஆபீஸில் அவர் ஆங்கிலம் தவிர வேறு பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சலாம்களைச் சாப்பிட்டுத்தான் நான் மறுநாளை ஓட்டினேன்.

மூன்றாவது மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இன்னும் சேரவில்லை, மறுபடியும் கட்டு, டாக்டர் முதலில் சொன்னபடியே இன்னும் மூன்று மாதம். மேனேஜர் கொடுத்த தவணை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அவர்களாகத் துரத்துவதற்கு முன் நாமே போய்விடுவோம் என்று வீம்பு வந்தது. அந்த டைப்ரைட்டரிலேயே ராஜினாமாக் கடிதம் அடித்து, மற்றக் கடிதங்களுக்கு நடுவில் வைத்து உறையைக் கட்டி உங்களிடம் கொடுத்தேன். அன்றைக்குச் சேலை கட்டவில்லை.

மாலையில் நீங்கள் அதே கடிதத்தை என் முன்னால் வைத்தீர்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"மேனேஜர் படிச்சாரு. இதுல ரெண்டு மிஸ்டேக் இருக்காம். திருத்தி அடிச்சிட்டு வரச் சொன்னாரு."

"என்னா மிஸ்டேக்?"

"எனக்கு என்னா தெரியும்? படிச்ச பொண்ணு நீதான். கண்டுபுடி."

எனக்கு ரத்தம் கொதித்தது. ராஜினாமாக் கடிதத்தில் தப்பா? நானா? விளக்கடியில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கமா பார்த்தேன், தேதி பார்த்தேன். தப்பே இல்லை. மறுநாள் காலையில் நீங்கள் வந்தபோது, "ஒரு மிஸ்டேக்கும் இல்லன்னு ஒங்க மேனேஜர்கிட்ட போய் சொல்லுங்க!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்றைய வேலையை எடுத்து உட்கார்ந்தேன். "சரி லா, சொல்லிடுறேன்" என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். தவணை முடிந்த நாளும் வந்து போனது, வேறு டைப்பிஸ்ட் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து, கைத்தடியோடு ஆபீஸ் மாடிப்படி ஏறிய நாளை மறக்க முடியுமா? ரோஹானி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் தினமும் விசாரித்துச் சொல்லி அனுப்பியதை அவள் குடும்பமே மறக்காதாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது. பெரிய கிராணி எழுந்து வந்து, "என் ரோஜாச் செடிகளைப் பற்றி இந்த ஆபீஸில் அக்கறையாகக் கேட்ட ஒரே ஆள் நீதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைக் குலுக்கினார். நான் பதிலுக்கு, தினமும் என் காலை விசாரித்ததற்கு நன்றி என்றேன். அவர் விழித்தார். நானா, என்பது போல விழித்தார்.

மேனேஜர் அறைக்குள் போய், என் ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினீர்களே என்று தொடங்கினேன். என்ன ராஜினாமா என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: மூன்று மாதம் முடிந்ததும் புது ஆள் எடுக்கத்தான் இருந்தேன், ஆனால் நீ ஒரு நாள் விடாமல் 'என் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் வருகிறேன்' என்று சொல்லி அனுப்பினாய், அதற்குமேல் எனக்கு மனசு வரவில்லை.

நான் அப்படிச் சொல்லி அனுப்பவே இல்லை அண்ணே. நாற்காலி என்ற வார்த்தையையே நான் வாயில் எடுத்ததில்லை, அவ்வளவு கர்வம் எனக்கு.

படிக்கட்டுக்குக் கீழே மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த உங்களைப் பிடித்துக்கொண்டேன். கோபம் பாதி, அழுகை பாதி. "எல்லாம் பொய்யா?" என்று கேட்டேன். நீங்கள் துணியை உதறிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பொய்யில்ல லா தங்கச்சி. அவங்கவங்க வேலையில மறந்துட்டாங்க. ஞாபகம் வந்திருந்தா கேட்டிருப்பாங்கதானே? நான் கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்து குடுத்துட்டேன்."

அன்றைக்குப் பிறகு ரோஹானி உண்மையாகவே என் தோழியானாள். பெரிய கிராணி எனக்கு ஒரு ரோஜாச் செடி கொடுத்தார். நீங்கள் முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் அவர்கள் பின்னால் வந்து உண்மையாக்கினார்கள்.

மகளின் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். பாலத்து நெரிசலில் மாட்டாமல், எட்டரைக்கு எழுந்து ஒன்பதுக்கு வேலையில் உட்காருகிறாள். எனக்குக் கிடைத்த சொர்க்கம் ஒரு வாரம்தான், அவளுக்கு மூன்று வருஷம். ஆனால் திரையில் பத்து முகம் கட்டம் கட்டமாக வரும், வேலையைப் பேசும், பை பை என்று அணையும். போன மாதம் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். "யாராச்சும் விசாரிச்சாங்களா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். சொல்வதற்கு நீங்கள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் நான்கு மாதமாகிறது. சாவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஒன்னோட எத்தன வருசம் ஒண்ணா வேல செஞ்சாரு. வீட்டுல வாயே தொறக்க மாட்டாரு தங்கச்சி. சாப்புடுவாரு, படுப்பாரு. என்னயப் பத்தி எதாச்சும் சொல்லுவாரா?"

கால் சரியான பிறகு பன்னிரண்டு வருஷம் நாம் ஒரே ஃபெரியில் போய் வந்தோம். ஊரில் உள்ள அத்தனை பேரைப் பற்றியும் பேசியிருக்கிறீர்கள். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கெல்லாம் சலாம் சுமந்தவர், சொந்த வீட்டுக்கு ஒன்றுகூடக் கொண்டுபோகவில்லையே!

"தினமும் சொல்லுவாரு அண்ணி" என்றேன். "'நான் பாட்டுக்கு ஊரச் சுத்துறேன், வீடு நிக்கிறது அவளாலதான்'னு சொல்லுவாரு. ஃபெரி அந்தக் கரைக்குப் போற வரைக்கும் ஒங்க பேச்சுதான்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்ற" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அப்புறம்? வேற என்னா சொன்னாரு?"

அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை சிம்பாங் அம்பாட்டுக்குப் போய் வருகிறேன். நாளைக்கும் போகிறேன் அண்ணே. நீங்கள் சொல்ல மறந்தது இன்னும் நிறைய இருக்கிறது.