நீ உடைத்த பல்

இன்று காலை பல் வைத்தியர் அதைப் பிடுங்கிவிட்டார். ரோமில் நீ உடைத்த பல்தான். நான்கு வருடம் மூடி போட்டுச் சமாளித்தேன், வேர் அழுகிவிட்டதாம். எப்படி உடைந்தது என்று டேனிஷில் கேட்டார். விழுந்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லும் பொய்யையே சொன்னேன். வாய் நிறையப் பஞ்சுடன் பிரெடெரிசியா நகர பஸ்ஸில் ஏறியபோது உன்மேல் வந்த கோபம் வீடு வந்தும் ஆறவில்லை. செத்தவனோடு சண்டை பிடிக்க எனக்கு வேறு வழி தெரியாது, எழுதுகிறேன்.

ரோமுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. தொழிற்சாலை விடுமுறைக்கு ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போனோம். மேலே சதுக்கத்தில் சனம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. படியிறங்கினால், வீடுகளின் அத்திவாரத்துக்குக் கீழே பழைய ரோமர்களின் விளையாட்டரங்கு. வழிகாட்டிப் பெண் எங்களை வரிசையாக நிலத்தில் இருத்தினாள். இந்த இடத்தில் மல்லர்கள் எலும்பு முறிய அடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, "யார் மல்லனாக வந்து நிற்பது?" என்று கேட்டாள். நான் பகிடிக்கு எழுந்து நின்று, இவன்தான் என்பதுபோல உன்னைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவள் உன் பக்கம் வந்தாள். நீ என்மேல் பாய்ந்தாய். முதல் குத்திலேயே பல் உடைந்தது. என் தலைமயிரைப் பிடித்துச் செங்கல் சுவரில் இரண்டு தரம் மோதினாய். "தலையாட்டாத! தலையாட்டாதடா!" என்று கத்தினாய். பிள்ளைகள் அலறின. மூன்று பேர் சேர்ந்துதான் உன்னை இழுத்தெடுத்தார்கள்.

பிறகு மேலே நீரூற்றடியில் நீயே என் வாயைத் துடைத்துவிட்டாய். நீ ஏன் அப்படிக் கத்தினாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமிப்படை ஆட்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தும். சாக்கால் முகம் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும். அவன் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டினால் அந்த ஆள் போச்சு. நான் அறியாததா? நான் டென்மார்க் வந்த பிறகு என் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவேயில்லை. அது தெரிந்தும் பகிடி விட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

"உன்னையும் பிடிச்சவங்களோ மச்சான்?"

"என்னைத்தான் சாக்குக்குள்ள விட்டவங்கள்" என்றாய். "அடிச்ச அடியில ஆர் எவர் எண்டு பாக்கேல்லை. ஆட்டினன்."

எந்த மைதானம் என்று கேட்க வாயைத் திறந்தேன். இரத்தம்தான் வந்தது.

விமான நிலையத்தில் பிரியும்போது, "வீட்டை வருவியே?" என்று கேட்டாய். "வாறன்" என்றேன். வரவில்லை. சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். வேலையில் உன் முகம் பார்க்காமலிருக்க ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். போன மாதம் உன் மனைவி போன் எடுத்தார். "அண்ணை, ஆளுக்கு நோய் கடுமையாக்கிடக்கு. உங்களைத்தான் கேக்கிறார். ஒருக்கா வாங்கோ." அதற்கும் ஓம், வாறன் என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். வாசலில் காலடி கேட்டால் போதும், வந்தது நானோ என்று கேட்பாயாம்.

அது அண்ணனைப் பிடித்த எங்கள் ஊர் மைதானம் என்று நீ சொல்லியிருந்தால் உன்னை என்ன செய்திருப்பேனோ. கொன்றிருப்பேன் என்றுகூடச் சில நாள் நினைத்திருக்கிறேன். இப்போது எனக்குப் பயம் தருவது மற்றது. அது வேறு ஊராக இருந்திருந்தால், எனக்கு ஒரு தீங்கும் செய்யாத நண்பனை வாசலைப் பார்க்கவைத்தே சாகவிட்டிருக்கிறேன்.