ஃபவுண்ட்ரி பிளாக்கில் ஒரு கீழ்வீடு

அன்பு மச்சான் அந்தோணிக்கு,

பாடியில் நம்ம கம்பெனி இருந்த இடத்தில் வீடு கட்டிவிட்டார்கள். ஏழைபாழைகளுக்கென்று சர்க்கார் கட்டிய மாடி வீடுகள், பழைய தொழிலாளிகளுக்கும் பங்கு உண்டு. கதவடைப்புக்கு அப்புறம் முள் மண்டிக் கிடந்த இடம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டைம் ஆபீஸ் மூலையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. பிளாக்குகளுக்கு நம்பர் போட்டிருந்தும் நம்ம ஆட்கள் மெஷின் ஷாப், ஃபவுண்ட்ரி என்றுதான் சொல்கிறார்கள். தபால்காரர் பாடு திண்டாட்டம்.

குலுக்கலில் என் தங்கச்சி, உன் ஸ்டெல்லாவுக்கு ஃபவுண்ட்ரி பிளாக்கில் கீழ்வீடு விழுந்தது. உலை நின்ற இடம். இரும்புக் குழம்பு கவிழ்ந்து நீ விழுந்த இடமும் அதுதான். இத்தனை வீடு இருக்க, இது ஏன் அவளுக்கு விழ வேண்டும்?

"அவரு உசுரு போன எடத்துல நான் சோறாக்கணுமா அண்ணே? வேணாம்" என்றாள். வாங்காவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். அம்பத்தூரில் அவளும் உன் மகளும் இருந்த ஒண்டுக்குடித்தனத்தையோ காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. எந்த வாயால் வற்புறுத்துவது?

பக்கத்து வீடு மோல்டர் குப்புசாமிக்கு. போன ஞாயிறு பால் காய்ச்சினான். ஃபவுண்ட்ரி ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். ஸ்டெல்லா மரியாதைக்கு வந்து வாசலோடு நின்றுகொண்டாள்.

பால் பொங்கியதும் குப்புசாமியின் பெண்டாட்டி பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அறை முழுக்க ஆள். "ஒத்து! ஒத்து!" என்று குப்புசாமி கத்தினான். லேடில் வாளியில் இரும்புக் குழம்பு தூக்கி வரும்போது வழிவிடச் சொல்லி நாம் போடுவோமே, அதே சத்தம். அவ்வளவுதான், நாங்கள் எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். ஒருவன் கையால் முகத்தையே மூடிக்கொண்டான்.

"இன்னாய்யா, பாலுக்கா இம்மாம் பயம்?" என்றாள் குப்புசாமியின் பெண்டாட்டி. சிரித்தோம். சட்டென்று சிரிப்பு நின்றது. கடைசியாக எங்களுக்கு அந்தச் சத்தம் போட்டவன் நீ. நாங்கள் ஒத்திக்கொண்டோம். லேடிலைப் பிடித்திருந்தவன் எங்கே ஒத்துவது? உன்னை நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது மச்சான்.

ஸ்டெல்லா சுவரோரம் நின்ற எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு அங்க இருந்தவங்க இவங்கதானா அண்ணே?"

"ஆமாம்மா."

"அல்லாரும் இங்கியேதான் குடி வராங்களா?"

"ஆமாம்."

வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு, "சாவிய வாங்கிகினு வா. அவரு காப்பாத்துனவங்க நடுவுலயே இருந்துக்கிறேன்" என்றாள்.

குடிவந்துவிட்டார்கள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். உன் மகளுக்கு ஜன்னலோரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சோறு வடிக்கப் பானையைத் தூக்கும்போது ஸ்டெல்லாவும் "ஒத்து" என்கிறாள், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். அது யாருக்குச் சொல்வது, உனக்கா?

எனக்கு எதிர்வீடு. அன்றைக்கு நீ சொன்ன ஒரு சொல்லுக்கு ஒத்திக்கொண்டவன் நான். இனி உன் வீட்டு வாசலை விட்டு ஒத்த மாட்டேன்.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான்,
தேவராஜ்