பன்னிரண்டு சாண்

ஜூலை 8

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு,

வாண்டின் அம்மா எழுதுவது. நேரில் வந்து பேச எனக்கு எங்கே நேரம்? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். அவள் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்து உட்காரும்போதே கண் சொருகிவிடும்.

அவள் கணக்கு நோட்டைப் புரட்டினேன். இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறாள், மீதி வெள்ளை. கேட்டால், "கணக்குக்கு அட்டை வெட்டுறோம்மா, தாளம் போடுறோம்மா" என்கிறாள். நல்லா இருக்கு போங்க! நான்தான் நின்றே தேய்கிறேன், அவளாவது உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகட்டும் என்று நினைத்தால், வீடு முழுக்கப் பசையும் காகிதத் துண்டும். நேற்று கட்டிலடியில் ஓர் அழுக்கு அட்டைப்பெட்டி கிடந்தது. கூட்டி வாரிக் குப்பையில் போட்டேன். அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடவும் இல்லை.

எதிர்த்தெருப் பள்ளியில் தினமும் எழுத வைக்கிறார்களாம். கோபிக்காமல் டிசி கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா

ஜூலை 9

அன்புள்ள வாண்டின் அம்மாவுக்கு,

கோபமில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பசைக் கையைக் கழுவிவிட்ட பிறகு கோபப்படக்கூடத் தெம்பு இருப்பதில்லை. நோட்டு எங்கே என்று பெரிய டீச்சரும்தான் கேட்கிறார். டிசி படிவம் இணைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பெட்டிதான் அவளுடைய கணக்கு நோட்டு. உங்கள் வீட்டைச் சாணால் அளந்து, ஒரு சாணுக்கு ஒரு விரல் அகலம் என்று சுருக்கி, நாலு வாரமாக அவள் கட்டிய வீடு. மாதக் கடைசியில் எல்லோரையும் அழைத்துக் காட்டலாம், அதுவரை வீட்டில் மூச்சு விடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான்தான் சொல்லி வைத்தேன். தப்பு என்னுடையது.

உள்ளே ஒரு துணிப் பொம்மை இருந்தது. நீங்கள்தான். அம்மாவை எப்படி அளந்தாய் என்று கேட்டேன். "தூங்கும்போது நூல் பிடிச்சேன் டீச்சர். முழிச்சிருந்தா நிக்க மாட்டாங்க" என்றாள். பன்னிரண்டு சாண் என்று பெருமையாகச் சொன்னாள்.

அன்புடன்,
டீச்சர்

ஜூலை 14

அன்புள்ள டீச்சருக்கு,

தெருமுனைக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். வண்டி வந்து அள்ளிப் போயிருந்தது. பாவி, என் கையாலேயே போட்டேனே!

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. புதுசாகக் கட்டலாமா என்று கெஞ்சினேன். "அப்போ நீ ஆடாம நிப்பியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பொம்மைக்குப் போர்வை நான் மடித்தேன். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. "எட்டுல ஒண்ணும்மா!" என்று குதித்தாள். தினமும் முந்நூறு தடவை மடிக்கிறேன், அது கணக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

உங்கள் படிவம் திரும்பி வராது. கெட்டித் தாளாக இருக்கிறதென்று அதை வெட்டி வாசல் கதவு செய்துவிட்டாள்.

கடைசியில் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து நூல் பிடித்தாள். "தூங்குறப்போ பன்னெண்டு சாண், நின்னா பதினொண்ணரைதாம்மா வருது. கூன் போடாம நேரா நில்லு" என்றாள். மறுபடி அளந்தாள். அதேதான்.

நேராகத்தான் நின்றேன் டீச்சர். எந்த அளவை எழுதுவதென்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா