செல்வமண்ணையின் புல்வெளி

2016 மார்ச் 9, புதன்

களைத்துப்போயிருக்கிறேன், நித்திரை வரவில்லை. இன்று செல்வமண்ணை, நான் வேலை செய்யும் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தார். தன் புல்வெளியில் ஒருவரும் ஒருநாளும் கட்டடம் கட்டாமல் கெமைண்டே பார்த்துக்கொள்ள வேண்டுமென்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு இதயச் சத்திரசிகிச்சை.

"என்ர கையெழுத்துக் காணாதோ, தங்கச்சி?"

"காணாது அண்ணை. கெமைண்டே சபை சம்மதிக்க வேணும். நோட்டரி முன்னால எழுதி, காணிப் பதிவேட்டில ஏத்தவும் வேணும். இல்லாட்டி உங்களுக்குப் பிறகு வாறவரைக் கட்டுப்படுத்தாது."

"பிறகு வாறது என்ர மகன். அவன் கட்டுவான்."

நோட்டரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளைக்கே எழுதலாம், சபை பிறகு சம்மதித்தாலும் சரி என்றார். அண்ணை நிம்மதியாகப் போனார்.

சபையில் பாதிப்பேர் அந்த இடத்தில் வீடுகள் வர வேண்டுமென்பவர்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.