என் ரத்தம், என் தோள்

நவம்பர் 12, புதன்

மழை. மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். திண்டுக்கல் போய்த் திரும்பியாயிற்று. வலது தோளில் ஊசி. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் கை உயர்த்திக் கணக்கு எழுதி நைந்துபோன தசைநார். கையிலிருந்து ரத்தம் எடுத்து மெஷினில் சுற்றினார்கள். மேலே மஞ்சளாகக் கொஞ்சம் தெளிந்தது. ஸ்கேனில் பார்த்தபடியே அதைத் தோளுக்குள் செலுத்தினார்கள். உயிர் போய் வந்தது.

டாக்டரம்மா சிரிக்காதவர். பிடித்தது. "எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா வலி மாத்திரை போட்டா ஊசியோட வேலையே கெட்டுப்போகலாம். தாங்க முடியலைன்னா பாராசிட்டமால் மட்டும். பாரம் தூக்காதீங்க."

கணவர் செல்வம் (இனி செ.; முழுப் பெயர் எழுத வலிக்கிறது) பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டு. காரில் ஏறியதும்: "உன் ரத்தத்தை எடுத்து உனக்கே ஏத்துறதுக்குப் பேரு வைத்தியமாக்கும்?" வத்தலக்குண்டு வரை வாய் ஓயவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பள்ளிக்கு விடுப்பு. தோளுக்குள் கொள்ளிக்கட்டை. தலை வாரவில்லை. மதியம் ரசம் என்று ஒன்று, செ. வைத்தது. அடுப்பெல்லாம் வழிசல்.

சாயங்காலம் அறிவிப்பு: போளூரிலிருந்து அவர் அக்கா குடும்பம் ஞாயிறு வருகிறது. அக்கா வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். அதற்கு முன் கறிவிருந்து. இங்கே.

"யாரு ஆக்குறது?"

"ஏன், இடது கை நல்லாத்தான இருக்கு?"

வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான்.

நவம்பர் 15, சனி

நேற்றிலிருந்து வலி குறைவு. ஊசி கேட்கிறதோ? செ. தானே மாத்திரை எடுத்து, வெந்நீரோடு நீட்டுகிறார். "சத்து மாத்திரை. போடு." இந்த மனுஷனா? மனசு கொஞ்சம் இளகியது. உட்கார்ந்தபடியே பூண்டு உரித்து வைத்தேன்.

வாங்க: தக்காளி, கசகசா, எலுமிச்சை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்.

செ. குளித்துக்கொண்டிருந்தபோது கசகசா பொட்டலம் தேடி அவர் சட்டைப் பையில் கைவிட்டேன். மாத்திரை அட்டை, பாதி காலி. பெயரைப் படித்தேன். டாக்டரம்மா கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்த அதே வலி மாத்திரை. மடச்சி நான்.

போளூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அட்டையை அவர்கள் முன்னால் வைத்தேன். "இது என்னங்க?"

செ. முகம் வெளுத்துவிட்டது. "நீ முனகிக்கிட்டே கெடந்தே. ஆளுக வர்ற நேரத்துல..."

"வலி தெரியலைன்னா எந்திரிச்சு ஆக்கிப் போடுவேன். அதான?"

மதினி (அவர் அக்கா) தம்பி பக்கம்தான். "ஒரு மாத்திரைக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம், வசந்தி? வெரசா ஒலைய வை. பிள்ளைக பசியோட கெடக்குதுக."

"கறி பையில இருக்கு மதினி. அடுப்பு எங்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டேன். கடைசியில் அவர்களே சமைத்தார்கள். தீய்ந்த வாசனை. கதவிடுக்கில் மதினியின் குரல்: "வாத்தியாரம்மா திமிரு." எனக்கு ஒரு தட்டு வந்தது. திருப்பி அனுப்பினேன். நல்ல பசி. பிஸ்கட்.

இந்த நோட்டில் இனி 'அவர்' கிடையாது. அவன்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி மழை. வலி முழுசாகத் திரும்பிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பதில்: "ரெண்டு மூணு நாள்தான? மொத்தமும் வீணாயிருக்கும்னு சொல்ல முடியாது. இனிமே தொடாதீங்க. சில வாரம் போகட்டும், பாப்போம்."

அவன் அடுக்களை வாசலில், கையில் வெங்காயத்தோடு. "என்ன சொன்னாங்க? கெட்டுப்போச்சா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் பயம் பார்த்ததில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"கெட்டுப்போச்சாம்," என்றேன்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். இப்போது நறுக்கும் சத்தம். மெதுவாக, தப்புத் தப்பாக. உண்மையைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.